அம்மியும் சருகும் நானூற்று நாற்பது படிகளும்

லிஃப்ட் ரிப்பேர்காரர் லிஃப்டில் ஏறி மேலே போனதாகச் சரித்திரம் கிடையாது. ஓடுகிற லிஃப்டுக்கு யார் அவரைக் கூப்பிடப் போகிறார்கள்? ஓடாத லிஃப்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஓடாத லிஃப்டின் மூளையோ கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடிக்குப் பக்கத்தில், மெஷின் ரூம் என்று தகரக் கதவு போட்ட ஓர் அறையில் இருக்கும். ஆகவே மனிதர் படியேறித்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் ஜம்மென்று லிஃப்டில் இறங்கிவிடலாம். இருபத்தாறு வருஷம் இப்படி ஏறுவதற்குக் கால், இறங்குவதற்கு லிஃப்ட் என்றே காலம் தள்ளியதில், நம் லிஃப்ட்காரருடைய முழங்கால்கள் ஏறுகிற பக்கம் மட்டும் தேய்ந்துபோயின. இறங்குகிற பக்கம் பிரிக்காத பார்சல் மாதிரி புத்தம் புதிதாக இருந்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த டாக்டர், இது ஒரே ஆளுடைய முழங்கால்தானா என்று கம்பவுண்டரிடம் இரண்டு தடவை விசாரித்தாராம்.

"இதுவரைக்கும் ஏறின படியை எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா நிலாவுக்கே போயிருப்பேன்" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

"போயிருந்தா வீடு கொஞ்சம் அமைதியா இருந்திருக்கும்" என்பாள் மனைவி.

டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். படியேறலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. அங்கேதான் இடித்தது. லிஃப்ட்காரருடைய லேப்டாப் மட்டுமே, சார்ஜரும் உறையும் சேர்த்து, நாலு கிலோ முந்நூறு.

வீட்டில் அதற்கு அம்மி என்று பேர். கட்டடம் வரைகிறவர்களுக்காகச் செய்த யந்திரம் அது. மலிவாகக் கிடைத்தது என்று எப்போதோ வாங்கியது. உள்ளே மூன்று விசிறி. மூன்றும் ஒன்றாகச் சுற்றினால் மேஜைமேல் இருக்கும் காகிதம் அடுத்த அறைக்குப் போய்விடும். எத்தனை பெரிய புரோகிராமாக இருந்தாலும் அம்மி மூன்று நிமிஷத்தில் அரைத்துத் தள்ளிவிடும். லிஃப்டின் மூளையோடு இணைக்க ஒன்பது ஊசி வைத்த பழைய காலத்துப் பொருத்து வாய் வேண்டும். அதுவும் அம்மியின் இடுப்பிலேயே இருந்தது. குறை என்று பார்த்தால் கனம் ஒன்றுதான். அதைத் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. தையல்காரர் அளவே எடுப்பதில்லை. "அந்தச் சாய்ஞ்ச சட்டைதானே?" என்று கேட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை ஐந்து பேர் நின்றிருந்த லிஃப்டில் இவர் அம்மியோடு காலை வைத்ததும் பளு அதிகம் என்று மணி அடித்தது. இவர் இறங்கிக்கொண்டார், மணி நிற்கவில்லை. பையை எடுத்து வெளியே வைத்த பிறகுதான் நின்றது.

எல்லாம் போகட்டும் என்றால், அவருடைய கம்பெனியில் ஒரு விதி இருந்தது. ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறை ஏற்றத் தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்றால் காலால் எழுதுவது. ஊரிலேயே உயரமான இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பார்கள். ஆள் தன் கருவிகளோடு பன்னிரண்டு நிமிஷத்தில் மெஷின் ரூமுக்கு ஏற வேண்டும். ஏற ஆரம்பித்ததிலிருந்து அரை மணிக்குள் லிஃப்ட் அசைய வேண்டும். பிறகு அதே லிஃப்டில் எல்லாக் கருவிகளோடும் தரைக்கு இறங்கிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் வேலை போய்விடாது. அதைவிட மோசம்: புகார் வாங்கும் அறையில் டெலிபோன் நாற்காலி.

நாற்காலிமேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலியில் மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவரும் ஒரு காலத்தில் லிஃப்ட்காரர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாவது மாடியிலேயே உட்கார்ந்து, "என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்று சொன்னதோடு அவருடைய ஏற்றம் முடிந்தது. அதே சமயத்தில் அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். அந்த ஆபரேஷன் கதையை அன்று முதல் நாள் தவறாமல் சொல்லி வருகிறார். முதல் வருஷம் கல் கடுகளவு இருந்தது. இரண்டாம் வருஷம் கோலி உருண்டை ஆயிற்று. இப்போது அதை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டதாகச் சொல்கிறார். அந்த அறையில் வேலை பார்த்த மூன்று பேர் ஏற்கெனவே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது ஆளுக்குக் காது மந்தம். அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார், அவரும் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார்.

"மாப்பிள்ள, உங்களுக்கு ஜன்னல் பக்கமா நாற்காலி போட்டு வச்சிருக்கேன்" என்று மச்சான் போன் பண்ணினார். "மெத்தைகூட வச்சாச்சு. சும்மா சாஞ்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருக்கலாம்."

மெத்தை என்றதும் லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள அவரிடம் ஒரு நீலத் திண்டு இருந்தது. போன மாதம் அது காணாமல் போய்விட்டது. மச்சானுடைய நாற்காலியில் ஒரு நீலத் திண்டைப் பார்த்ததாக ஞாபகம்.

"என் திண்டா மச்சான் அது?"

"சேச்சே. இது நான் கடையில வாங்கினது. நீங்க வந்து உக்காந்து பாருங்க, வித்தியாசம் தெரியும்."

"நான் எதுக்கு வந்து உக்காரணும்?"

"சும்மா சொன்னேன் மாப்பிள்ள. கால் எப்படி இருக்கு?"

தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள். அம்மியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் குடியிருந்த கட்டடத்திலேயே நாலு மாடி ஏறி இறங்கி ஒத்திகை பார்த்தார். மூன்றாவது மாடியில் முழங்கால் பேச ஆரம்பித்தது. நாலாவது மாடியில் அது பேசிய பேச்சு வெளியில் சொல்லக்கூடியது அல்ல. வீட்டுக்கு வந்து அம்மியைக் கீழே வைத்தார்.

"புது லேப்டாப் வாங்கிடலாம்" என்றார்.

"எந்தக் காசுல?"

"டைல்ஸ் காசுல."

குளியலறைக்கு டைல்ஸ் போட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் அது. மூன்று சுவருக்குப் போட்டாகிவிட்டது. நாலாவது சுவர் மட்டும் சிமெண்டாக நின்று, குளிக்கிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஸ்பேனர் கொடுக்கும், மீட்டர் கொடுக்கும். லேப்டாப் மட்டும் அவரவர் பாடு.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். அண்ணன் பக்கத்தில் உட்காருவது எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. சின்ன வயதில் பதினேழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள். "சரி, நானும் கடைக்கு வரேன்" என்றாள்.

அவள் வருவதில் ஒரு லாபம் உண்டு. பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்து, கையில் வாங்கிக் கையில் கொடுத்தே காலத்தைக் கழித்தவள். எந்தப் பொருளானாலும் உள்ளங்கையில் வைத்தால் கிராம் கணக்கில் சொல்லிவிடுவாள். ஒரு சமயம் அலுவலகத் தராசு மூன்று வாரம் பழுதாகிக் கிடந்தது, யாருக்கும் தெரியாது. சரி பண்ண வந்த ஆள் எடைக்கல் கொண்டுவர மறந்துவிட்டு, இவள் கையை வைத்தே தராசைத் திருத்திவிட்டுப் போனான். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் கொஞ்சுவதற்கு முன்னால் எடையைச் சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஆஸ்பத்திரிதான் திருத்திக்கொள்ளும்.

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் நேராக அவர்களைக் கண்ணாடிப் பெட்டியிடம் அழைத்துப் போனார். உள்ளே ஒரு லேப்டாப் இருந்தது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இல்லை. மறுபடி நேரே வந்து பார்த்தால் இருந்தது.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம் சார். கையில பிடிச்சிருக்கிறதே தெரியாது."

மனைவி வாங்கிப் பார்த்தாள். "ஆயிரத்து நாப்பது" என்றாள்.

"இல்ல மேடம், டப்பாவுலயே போட்டிருக்கு."

"டப்பாவுல போட்டிருக்கும். கையில ஆயிரத்து நாப்பது."

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு தராசு கொண்டுவந்தார். ஆயிரத்து நாற்பது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தராசைத் தட்டிப் பார்த்து, மறுபடி வைத்தார். தராசு பிடிவாதமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் மேடத்திடம் எதையும் கிராமில் சொல்லவில்லை.

"இதுல விசிறியே கிடையாது சார். சத்தமே வராது."

"அப்ப சூடானா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும்."

"சூடானா வேலை செய்யாதுங்கறீங்க."

"செய்யும் சார். மெதுவா செய்யும்."

"எங்க அண்ணன் மாதிரி" என்றாள் மனைவி. "இந்தப் பக்கம் ரெண்டு ஓட்டைதானே இருக்கு?"

"ஒண்ணு சார்ஜருக்கு மேடம். இன்னொண்ணு மத்த எல்லாத்துக்கும்."

பக்கத்து மேஜையில் இன்னொன்று இருந்தது. பார்வைக்குச் சாதாரணம். ஒரு விசிறி, பக்கத்துக்கு மூன்று ஓட்டை, அம்மி அளவுக்கு இல்லாவிட்டாலும் சுமாரான பலம். விலை சருகில் பாதி. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததற்குச் சருகு என்ற பேரை லிஃப்ட்காரர் மனத்துக்குள் அப்போதே வைத்துவிட்டார். மனைவி அம்மிக்கும் சருகுக்கும் நடுவில் இருந்த இதைத் தூக்கினாள்.

"ஆயிரத்து அறுநூத்து இருபது. இது போதுங்க. மிச்சக் காசுல சுவரும் முடிஞ்சிடும்."

"ஐநூத்து எண்பது கிராம் ஜாஸ்தி."

"அரைக் கிலோ சொச்சம். ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்காம போனா சரியாப் போச்சு."

"லேசா சொல்லிட்ட. இருபத்திரண்டு மாடி. மாடிக்கு இருபது படி. நானூத்து நாப்பது படி. ஒவ்வொரு படிக்கும் அந்த ஐநூத்து எண்பது கிராமை நான்தான் தூக்கணும். மொத்தம் இருநூத்து அம்பத்தஞ்சு கிலோ வருது. மனுஷன் தூக்குவானா?"

"அந்தக் கணக்குப்படி பார்த்தா நீங்க தொப்பையைத் தூக்கிக்கிட்டு ஏறினதுக்கு உங்களுக்குச் சிலை வைக்கணும்."

விற்பனையாளர் டையைச் சரி பண்ணிக்கொண்டார். லிஃப்ட்காரர் சருகை இன்னொரு தடவை கையில் வாங்கினார். இரண்டு விரலால் பிடித்தார். ஒரு விரலில் நிறுத்தினார். ஜன்னல் பக்க நாற்காலியை நினைத்துக்கொண்டார். கல்லைத் தூக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொண்டார். நாலாவது சுவர் இன்னும் ஒரு வருஷம் முறைக்கட்டும் என்று சருகுக்கே பணம் கட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. சருகில் ஒன்பது ஊசிப் பொருத்து வாய் இல்லை; அதற்குத் தனியாக ஒரு கேபிள். கேபிளும் சார்ஜரும் மீட்டரும் ஒரே சமயம் சொருக முடியாது. அதற்கு ஒரு பல்வாய்ப் பெட்டி. இருபத்தாறு வருஷமாகச் சேர்த்த லிஃப்ட் வரைபடங்கள் அத்தனையும் சருகுக்குள் அடங்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க். மெஷின் ரூமில் கரண்ட் இல்லாமல் போனால்? ஒரு பெரிய பவர் பேங்க். அறை உலைக்களம் மாதிரி கொதிக்குமே? இரண்டு விசிறி வைத்த ஒரு மேடை. இத்தனைக்கும் மேலே, இவ்வளவு மெல்லிசான சாமானைப் பையில் சும்மா போட்டுக்கொண்டு போக மனசு வரவில்லை. யாராவது இடித்தால் மடங்கிவிடும் என்று தகடு வைத்த கெட்டிப் பெட்டி ஒன்றும் வாங்கினார்.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். மனைவி வந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பார்சல் அலுவலகத்து ஸ்டிக்கரில் எடையை எழுதி ஒட்டினாள். சருகு ஆயிரத்து நாற்பது. சார்ஜர் முந்நூற்றுப் பத்து. பல்வாய்ப் பெட்டி நூற்று இருபது. கேபிள் நூற்று நாற்பது. ஹார்ட் டிஸ்க் இருநூற்று முப்பது. பவர் பேங்க் அறுநூற்று நாற்பது. விசிறி மேடை எழுநூற்று இருபது. கெட்டிப் பெட்டி ஆயிரத்து நூற்றுப் பத்து. பேனாவை மூடிவிட்டு உதட்டுக்குள்ளேயே கூட்டினாள்.

"நாலு கிலோ முந்நூத்துப் பத்து."

"அம்மி?"

"நாலு கிலோ முந்நூறு."

குளியலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் மனைவி.

"பத்து கிராம்தானே ஜாஸ்தி."

"நானூத்து நாப்பது படிக்கு நாலரைக் கிலோ வருதுங்க. உங்க கணக்குதான்."

மறுநாள் காலை லிஃப்ட்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சார்ஜர் வேண்டாம், வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் வேண்டாம். அந்த ஒரு கட்டடத்தின் வரைபடத்தை மட்டும் சருகுக்குள் போட்டுக்கொள்ளலாம். பவர் பேங்க், மேடை, பெட்டி எதுவும் வேண்டாம். சருகு, கேபிள், பல்வாய்ப் பெட்டி, கம்பெனியின் எழுநூறு கிராம் கருவிப் பை. மனைவி தூக்கிப் பார்த்துச் சொன்னாள்: "சரியா ரெண்டு கிலோ. மூக்குக் கண்ணாடியைக் கையில எடுத்துட்டுப் போகாதீங்க, மூஞ்சிலயே மாட்டிக்குங்க."

தேர்வு நாள் வந்தது. மேற்பார்வையாளர் கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு கட்டடத்து வாசலில் நின்றார். லிஃப்ட்காரரைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனிதர், விதி என்று வந்தால் மட்டும் இரும்பு. லிஃப்ட் இருபதாவது மாடியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, தயாரா? நான் முன்னால ஏறிப் போயிடறேன். நான் போன்ல சொன்னதும் நீங்க கிளம்புங்க" என்றார். அவர் மேலே போய்ச் சேர்ந்து போனில் சொன்னதும் லிஃப்ட்காரர் முதல் படியில் காலை வைத்தார்.

நாலாவது மாடி வரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவதில் தெரிந்தது. இத்தனை வருஷமாக வலது தோளில் அம்மி இழுக்க, அதற்கு ஈடாக இடது பக்கம் சாய்ந்து நடந்து பழகிய உடம்பு. இப்போது இழுக்க ஆள் இல்லை. சாய்வு மட்டும் மிச்சம். நேராகப் போக நினைத்தாலும் உடம்பு இடது பக்கமே போயிற்று. நல்ல வேளை, அந்தக் கட்டடத்துப் படிகள் திருப்பத்துக்குத் திருப்பம் இடது பக்கமே வளைந்தன. அவர் ஏறவில்லை, திருகாணி மாதிரி மேலே திருகிக்கொண்டு போனார். மெஷின் ரூம் மாடி வந்த பிறகும் நிற்க முடியாமல் மொட்டை மாடிக்கே போய், தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம் இறங்கி வந்தார்.

"பத்து நிமிஷம் அஞ்சு செகண்ட்" என்றார் மேற்பார்வையாளர். வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். "போன வருஷம் பதினொண்ணு அம்பத்தெட்டு. கால்ல என்னண்ணே போட்டிருக்கீங்க?"

"பழைய செருப்புதான் சார்."

தகரக் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. மேலே வெயில் குடித்த கூரை, சுவரெல்லாம் யந்திரம். லிஃப்ட்காரர் கேபிளை லிஃப்டின் மூளையில் பொருத்தி இரண்டு திருகையும் முறுக்கினார். மறுமுனையைச் சருகில் சொருகினார். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது. இருபத்தைந்து. அதோடு சருகு சூடாகிவிட்டது. சூடானதும் கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் லிஃப்ட்காரர் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்தார்.

"பதினெட்டு நிமிஷம்ணே" என்றார் மேற்பார்வையாளர்.

"ஓடுது சார்."

"நடக்குதுன்னு சொல்லுங்க."

இருபது நிமிஷத்தில் முப்பத்தொன்று. கருவிப் பையிலிருந்த அட்டையால் விசிறினார். விசிறியதில் அவருக்குத்தான் வியர்த்தது, சருகு அசையவில்லை. மூன்று விசிறியும் உறும, மூன்றே நிமிஷத்தில் முடித்திருக்கக்கூடிய அம்மி வீட்டில் அலமாரிக்குமேல் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன்னால் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே நீலத் திண்டு போட்ட நாற்காலியும் வந்தது.

அப்போதுதான் கணுக்காலில் சில்லென்று காற்று பட்டது.

மெஷின் ரூம் தரையில் ஓர் இடுக்கு உண்டு. லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகள் அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். ஒரு முழம் நீளம், மூன்று விரல் அகலம். அதற்கு அடியில் இருபத்திரண்டு மாடி ஆழத்துக்கு இருட்டு. அடிப்பள்ளத்திலிருந்து குளிர்ந்த காற்று எந்த நேரமும் அந்த இடுக்கு வழியாக மேலே பீறிக்கொண்டு வரும். வெயில் காலத்தில் லிஃப்ட்காரர்கள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். தண்ணீர்ப் பாட்டிலைக்கூட அதன் ஓரத்தில்தான் வைப்பார்கள். இவரும் எத்தனையோ தடவை அம்மியைத் தூக்கி அந்த இடுக்கின்மேல் படுக்க வைத்திருக்கிறார். அம்மி மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

பழக்க தோஷம். சருகைத் தூக்கி இடுக்கின்மேல் வைத்தார்.

பலன் உடனே தெரிந்தது. முப்பத்தைந்து. ஐம்பது. எழுபது. சருகுக்குப் புது உயிர் வந்துவிட்டது. மேற்பார்வையாளரே வாட்சை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க வந்தார்.

"இருபத்தெட்டு நிமிஷம். முடிஞ்சிடும் போலிருக்கேண்ணே."

"தொண்ணூத்தொண்ணு ஆச்சு சார்."

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது. கீழிருந்து ஒரு பலத்த காற்று வந்தது. திறந்திருந்த மூடி பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டது. சருகு ஒரு விரல்கடை எழும்பிற்று. எழும்பிய இடத்திலேயே ஒருக்களித்தது. திரையில் நூறு என்று வந்ததை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி மூடிக்கொண்டது; சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத அந்தச் சாமான் மூன்று விரல் அகலத்துக்குள், தபால் பெட்டியில் கடிதம் விழுகிற மாதிரி, சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கேபிள் லிஃப்டின் மூளையில் திருகு போட்டபடி உறுதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சருகின் பக்கத்தில்தான் திருகு கிடையாதே, உருவிக்கொண்டுவிட்டது.

இருவரும் இடுக்கையே பார்த்தார்கள்.

"விழுந்த சத்தம் கேக்கலயேண்ணே."

"மெல்லிசு சார். இன்னும் விழுந்துக்கிட்டிருக்கும்."

அந்தச் சமயத்தில் லிஃப்டின் மூளையில் டக் என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு வந்தது. மேலே இருந்த பெரிய சக்கரம் ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது.

"இருபத்தொன்பது நாப்பது" என்று மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார்.

லிஃப்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூளையைத் தட்டி எழுப்பினால் அது முதலில் தரைக்குப் போய், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் வேறு வேலை பார்க்கும். கயிறுகள் ஓடின. லிஃப்ட்காரர் தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை இடுக்கில் விட்டுப் பார்த்தார். கீழே, இறங்கிப் போய்க்கொண்டிருந்த லிஃப்டின் கூரை தெரிந்தது. கூரைமேல் ஒரு நீலத் திண்டு. திண்டின்மேல் சருகு.

போன மாதம் இதே லிஃப்டின் கூரைமேல் முழங்காலிட்டு எண்ணெய் போட்டது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மச்சானுடைய திண்டு நிஜமாகவே கடையில் வாங்கியதுதான் போலிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் உண்மை பேசியிருந்தார்.

லிஃப்ட் தரையைத் தொட்டுவிட்டு இருபத்திரண்டாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்தது. மேற்பார்வையாளர் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எல்லாக் கருவியோடவும் லிஃப்டில இறங்கணும்னு விதிண்ணே. உங்க லேப்டாப் உங்ககிட்ட இல்லையே."

"லிஃப்டில இருக்கு சார்."

"லிஃப்டுக்கு மேல இருக்கு."

"விதியில உள்ளேன்னு போட்டிருக்கா?"

மேற்பார்வையாளர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். உள்ளே என்று எங்கேயும் போடவில்லை. விதி எழுதிய காலத்தில் மூன்று விரல் இடுக்கில் நுழைகிற லேப்டாப்பை யார் கண்டார்கள்? இருவரும் உள்ளே ஏறினார்கள். கதவு மூடிற்று. இருபத்திரண்டு மாடியும் இருவரும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தபடியே இறங்கினார்கள். தரை வந்ததும் மேற்பார்வையாளர் தாளில் தேர்ச்சி என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றுவிட்டு, அதை வெறுமையாகவே விட்டுவிட்டார்.

சாயங்காலம் சருகு வீட்டுக்கு வந்தது. உயிர் இருந்தது. திரையும் சரிதான். முதுகு மட்டும் லேசாக வளைந்து, மேஜைமேல் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது. மனைவி கையில் வாங்கினாள்.

"ஆயிரத்து முப்பத்தெட்டு. ரெண்டு கிராம் குறையுது."

அடியில் இருந்த நாலு ரப்பர் பொட்டில் ஒன்றைக் காணவில்லை.

லிஃப்ட்காரர் தேர்ச்சித் தாளை அவளிடம் கொடுத்தார். அவள் அதையும் கையில் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் படித்தாள். அவர் குளியலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அன்னிக்குக் கடையில நடுவுல ஒண்ணு இருந்துதே, எவ்வளவு சொன்ன?"

"ஆயிரத்து அறுநூத்து இருபது."

"விசிறி உண்டுல்ல?"

"உண்டு. கனமும் உண்டு. மூணு விரல் இடுக்குல சுலபமா போகாது."

வளைந்த சருகை யார் வாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கும் ஆள் இருந்தது. மறுநாள் மச்சான் தேர்வு விஷயம் விசாரிக்க வந்தார். ஆடிக்கொண்டிருந்த சருகைப் பார்த்தார், இரண்டு விரலால் தூக்கினார், ஒரு விரலில் நிறுத்தினார். அவர் முகத்தில் லிஃப்ட்காரருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வெளிச்சம் வந்தது. முக்கால் விலைக்குப் பேரம் முடிந்தது. டெலிபோன் மேஜையை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகாத மனிதர், உலகத்திலேயே சுமக்கச் சுலபமான லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அந்தப் பணத்தில் நடு லேப்டாப் வந்தது. மிச்சத்தில் நாலாவது சுவருக்கு முக்கால்வாசி டைல்ஸும் வந்தது. சார்ஜர், கருவிப் பை எல்லாம் சேர்த்து மனைவி தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ அறுநூறு."

"டாக்டர் ரெண்டுதான் சொன்னார்."

"அந்த அறுநூறைத் தொப்பையில கழிச்சுக்குங்க. அடுத்த தேர்வுக்கு ஒரு வருஷம் இருக்கு."

இரண்டு மாதம் கழித்து ஒரு வேலையாக லிஃப்ட்காரர் புகார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்க நாற்காலியில் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் கன்னத்தில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மேஜையில் சருகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார்:

"முப்பத்தஞ்சு மாடிங்க. மேலேருந்து விழுது. கீழ நான் நிக்கிறேன். ஆபரேஷன் பண்ணின வயிறு வேற..."

லிஃப்ட்காரர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தொப்பையைத் தடவிக்கொண்டே படிப் பக்கம் போனார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.